நோலீன் மட்டும் சொல்லாத வரி

நோலீன் ஹெபர்ட் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். தென் ஆஸ்திரேலியாவில் இருக்கிற எங்கள் வயாலாவில் இப்போது பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர்களில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கியவள் அவள்தான். ஆனால் அவளைப் பொறுத்தவரை அது பேருந்து இல்லை. ஸ்டியரிங்குக்கு மேலே தகரத்தில் செய்த சின்ன விண்கலம் ஒன்று ஒட்டியிருக்கும். பின்சீட்டில் பையன்கள் அடித்துக்கொண்டால் கண்ணாடியில் முறைத்து, "சண்டை போடுறவனை அடுத்த கிரகத்துல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். ஆக்சிஜன் உன் பாடு" என்பாள். அடுத்த கிரகம் என்றால் இரும்பாலை வாசல். அங்கே சுவர், மரம், நிறுத்தியிருக்கிற கார் எல்லாமே செம்மண் பூசிக்கொண்டு நிற்பதால் பொடிசுகள் நம்பிவிடும்.

'விண்கரை' தொடர் தொலைக்காட்சியில் ஆரம்பித்தபோது அவளுக்குப் பால்பல் விழுகிற வயது. அந்தத் தொடர் இன்னும் முடியவில்லை. நடுவில் நின்றது, திரும்ப வந்தது, சினிமாவாக வந்தது, கார்ட்டூனாக வந்தது. கேப்டன்கள் கிழவர்களாகிச் செத்தார்கள். புதுக் கேப்டன்கள் வந்தார்கள். நோலீன் ஒன்றுவிடாமல் பார்த்தாள். நடுவே அவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தது. அதைப் பற்றி யாராவது கிளறினால், "அந்த ஆளு ரெண்டாவது சீசன்லயே போயிட்டான்" என்று முடித்துவிடுவாள்.

நான் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்கு வந்த புதிதில் ஒரு கடைவாய்ப்பல் என் உயிரை எடுத்தது. பல் டாக்டர் டெஸ்மண்ட் பிக்கரிங்கிடம் போனேன். டெஸ் என்றால்தான் ஊருக்குத் தெரியும். இங்கே டாக்டரானாலும் மேயரானாலும் பெயரைச் சுருக்கி நீ, வா, போ என்றுதான் பேச்சு. அதனால் நானும் அவன் என்றே எழுதுகிறேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனுடைய நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தால் நேர் மேலே கூரை முழுக்கக் கறுப்பு வண்ணம், அதில் நட்சத்திரங்கள். நடுவே வெள்ளை எழுத்தில்: 'பயப்படாதே. நான் இருக்கிறேன்.' பைபிள் வசனம் போலிருக்கிறது, நல்ல பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன். அவனோ என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, அது விண்கரையில் வருகிற வசனம் என்று ஆரம்பித்து, பல் வெளியே வந்த பிறகும் விளக்கிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை. பல் போனது. விண்கரை ரசிகர் சங்கத்தில் உறுப்பினராகி வீட்டுக்கு வந்தேன்.

அந்த வசனத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்து அத்தியாயம் ஒன்றில், மற்றவர்கள் தப்பிப்பதற்காகக் காரோ என்ற மாலுமி இருண்ட கிரகம் ஒன்றில் தனியாகத் தங்கிவிடுவான். கலம் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விடும். அதோடு முடியும். இந்த ஒரு அத்தியாயத்தைத் தயாரித்தவர்களே அழித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் டேப் விலை அதிகமாம். அழித்து, அதன்மேல் குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிட்டார்களாம். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. படம் போய்விட்டது. ஒலி மட்டும் உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில் தப்பித்தது, நோலீன் வீட்டில். அவளுடைய அப்பா இங்கிலாந்திலிருந்து கப்பல் கட்டும் தளத்துக்கு வெல்டராக வந்தவர். ஊரில் விட்டுவந்த சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, பேசியே அனுப்ப ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். சனிக்கிழமை சாயங்காலங்களில், டிவி முன்னால் உட்கார்ந்து விண்கரையைப் பதிய, அது நோலீன் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பதிவை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கலத்தின் உறுமல் மெல்ல மெல்லத் தேய்ந்து தூரத்தில் போகும். அப்புறம் டேப்பின் இரைச்சல் மட்டும், நம் வளைகுடாவில் காற்று விழுந்த சாயங்காலம் தண்ணீர் கரையைத் தடவுகிற மாதிரி. கேட்டுக்கொண்டே இருந்தால் உடம்பின் பாரம் குறைந்து எங்கோ மிதப்பது போலிருக்கும். அந்த மிதப்பில், காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், ஒரு கிசுகிசுப்பு: "பயப்படாத. நான் இருக்கேன்."

யார் அது? காரோவைத் தவிர அங்கே யாருமில்லையே? டேப்பின் பிரதிகள் நாடு நாடாகப் போன பிறகு இந்தக் கேள்வியை வைத்து ரசிகர்கள் அடித்துக்கொண்ட அடி கொஞ்சமில்லை. செத்துப்போன மனைவி என்றது ஒரு கட்சி. காரோவின் மனசாட்சி என்றது இன்னொன்று. நம் டெஸ், கிரகமே பேசுகிறது என்றான். ஆதாரமும் வைத்திருந்தான். அந்தக் கிசுகிசுப்பில் மெலிதாக விசில் மாதிரி ஒரு காற்று கலந்திருக்கும். மனிதத் தொண்டையிலிருந்து அது வராது, அது அந்தக் கிரகத்தின் காற்று என்று சாதித்து, நீளமான கட்டுரை எழுதி, லண்டன் மாநாடுவரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தான். காலம் போகப்போக, இந்தப் பதிவைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே விண்கரைக்குக் கதை எழுதுகிறவர்களானார்கள். கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று காரோவோடு கிரகம் கிரகமாகப் போவதாக எழுதினார்கள். ஐந்து சீசன் ஓடியது. சட்டையில் அந்த வரி, கோப்பையில் அந்த வரி, கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

எங்கள் சங்கத்தில் காரோ நாள் என்று ஒன்று உண்டு. குளிர் ஆரம்பித்துக் கணவாய் மீன்கள் கரையோரம் கூடுகிற சமயத்தில், வயதானவர்கள் புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற மன்றத்தின் கூடத்தை ஒரு சனிக்கிழமை மதியம் வாடகைக்கு எடுப்போம். சாசேஜ் ரோல், தக்காளி சாஸ், தேநீர். திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, நாங்களே வரைந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, நோலீனின் டேப்பைப் போடுவோம். அந்த இடம் வந்ததும் கூடமே சேர்ந்து கிசுகிசுக்கும். கொல்லர், நர்ஸ், பென்ஷன்காரர், எல்லோரும் இருட்டில் ஒரே மூச்சாக. எனக்கு ஒவ்வொரு முறையும் கண்ணில் நீர் வரும். சொல்ல வெட்கமில்லை.

நோலீன் மட்டும் சொல்ல மாட்டாள். கோடியில் ஒரு நாற்காலியில் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டேப்புக்குச் சொந்தக்காரி, கொஞ்சம் மிதப்பு இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம்.

போன வருஷம் டெஸ் எனக்குப் போன் செய்து கத்தினான். முதலில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கோ ஒரு தீவில், மூடிக்கிடந்த ஒளிபரப்பு நிலையத்தின் அலமாரியில், காரோ அத்தியாயத்தின் படச்சுருள் முழுசாகக் கிடைத்துவிட்டதாம். ஒலியைக் காப்பாற்றிய ஊர் என்பதால் முதல் காட்சி எங்களுக்குத்தானாம், அதுவும் காரோ நாளன்று. அடிலெய்டிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் ஆட்கள் அறை கேட்டுப் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஊரே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

காரோ நாள் வருகிற வாரம் நோலீன் என்னைப் படகுத்துறைக்கு வரச்சொன்னாள். வட்டமாகச் சுற்றி வருகிற அந்தத் துறையில் இரண்டு சுற்று நடந்தாள். கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு கூழைக்கடா எங்களோடு கூடவே நீந்தி வந்தது.

"செல்வி, சனிக்கிழமை நான் வரல."

"விளையாடாத. உலகமே நம்மளப் பாத்துப் பொறாமைல வேகுது. நீ வராம எப்படி?"

"அந்தப் படத்துல குரல் இருக்காது."

"எந்தக் குரல்?"

"எங்க அண்ணன் குரல்."

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை, அதனால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது.

"கிளைவ்" என்றாள். "பதியும்போது யாரும் மூச்சு விடக்கூடாதுங்கறது எங்க சட்டம். எங்கம்மா தும்மல் வந்தா தோட்டத்துக்கு ஓடுவாங்க. அன்னிக்குக் கலம் கெளம்பிப் போயிருச்சு. காரோ தனியா நிக்கிறான். எனக்கு அழுகை முட்டுது. சத்தம் வந்துரும்னு வாயைப் பொத்திக்கிட்டேன். கிளைவ் பாத்துட்டான். என் காதுகிட்ட வந்து சொன்னான். மைக்கு என் மடியில இருந்துச்சு."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"டெஸ் மொதமொதல்ல கேட்டப்ப சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். அதுக்குள்ள அவனே கிரகம்னு பதிலும் சொல்லிட்டான். அவன் பேச ஆரம்பிச்சா நடுவுல பூர முடியுமா உன்னால?"

முடியாதுதான்.

"டெஸ் கேட்டப்ப கிளைவ் உயிரோட இல்ல" என்றாள். "பத்தொம்பது வயசு. போர்ட் அகஸ்டா ரோட்டுல தனியா வண்டி ஓட்டிட்டுப் போனான், பொழுது சாயிற நேரத்துல கங்காரு குறுக்க பாஞ்சிருச்சு. விடிஞ்சப்புறம்தான் ஒரு லாரிக்காரர் பாத்தாரு. ராத்திரி ரொம்ப நேரம் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. பக்கத்துல ஒரு ஆள் இல்ல, செல்வி. எங்கப்பா பேசி அனுப்பின டேப்பெல்லாம் அங்க சொந்தக்காரங்க தூக்கிப் போட்டுட்டாங்க. அவன் குரல்னு எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு வரிதான். அப்புறம் பாத்தா, அவன் பாட்டுக்குக் கிரகம் கிரகமா சுத்திக்கிட்டு இருக்கான். ஜப்பான்ல இருக்கற பிள்ளைங்க அவனுக்குப் படம் வரையுதுங்க. நான் எதுக்கு அவனை நடுவழியில இறக்கிவிடணும்?"

கூழைக்கடா எங்களிடம் மீன் கிடைக்காது என்று தெரிந்து திரும்பிப் போயிற்று.

"இனிமே எல்லாரும் அந்தப் படத்தைத்தான் பாப்பாங்க. என் டேப்பு யாருக்கு வேணும்? சனிக்கிழமையோட அவன் இல்ல. அதைப் பாக்க நான் வரணுமா?"

எனக்கு மனசு கனத்துப்போனது. "அம்பது பேருக்கு நடுவுல டெஸ் மூக்கு உடையறதுக்குள்ள அவன்கிட்டயாவது சொல்லிரு. பாவம்" என்றேன். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது.

டெஸ்ஸிடம் தனியாகப் பேசவேண்டுமென்றால் அவன் நாற்காலியில் போய்ப் படுத்தால்தான் உண்டு. மறுநாளே பல் காட்டுவதாகச் சொல்லி நேரம் வாங்கினாள். துணைக்கு நான் வாசலோரம் நின்றேன். கூரை நட்சத்திரங்களுக்குக் கீழே அவளைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, புதுப் படச்சுருளின் பெருமையை அவன் ஆரம்பித்தான். நோலீன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கையை வாயிலிருந்து வெளியே எடுத்தாள். எடுத்துவிட்டு, படகுத்துறையில் சொன்னதையே சொன்னாள்.

டெஸ் கையுறையைக் கழற்றினான். போட்டான். மறுபடியும் கழற்றினான்.

"லண்டன்ல போய்ப் பேசிட்டு வந்தேன், நோலீன். எழுந்து நின்னு கைதட்டுனாங்க."

"தெரியும். வீடியோ போட்டுக் காமிச்ச. மூணு தடவ."

"சின்னப் பையனா அது?"

"பன்னெண்டு முடியல."

"நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒரு தடவ மூச்சு விட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் முகம் சிவந்தது. கோபப்படப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கூரையைப் பார்த்தான். ஊசி குத்துகிற நேரத்தில் எத்தனை பேரை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருப்பான். சக்கர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டெஸ் மாதிரி ஆளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வியைக் கேட்டான்.

"அவன் பல்லு எப்படி இருக்கும்?"

நோலீன் படுத்தபடியே சிரித்தாள். "முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல பெரிய சந்து. ஒரு பென்சில் போகும். பேசினாலே விசில் வரும். ஸ்கூல்ல கெட்டில்னு கூப்பிடுவாங்க."

டெஸ்ஸின் வாய் மெல்லத் திறந்தது. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அவன் வாய் பேச்சில்லாமல் திறந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அந்தக் காத்து..." என்றான்.

"பல்லு" என்றாள் நோலீன். "நீயெல்லாம் ஒரு பல் டாக்டர்!"

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. சாசேஜ் ரோல் ஆரம்பத்திலேயே தீர்ந்துபோய் மறுபடி அடுப்பில் வைத்தார்கள். நோலீனின் கோடி நாற்காலியில் என் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். திரைச்சீலைகளை மூடுகிறவரை வரவில்லை. வரமாட்டாள் என்று பையை எடுக்கப்போனபோது, பேருந்து ஓட்டும்போது போடுகிற அதே நீலக் கம்பளிச் சட்டையில், ஒரு தட்டு லாமிங்டன் கேக்கோடு வந்து உட்கார்ந்தாள். தட்டை என் மடியில் வைத்தாள். தேங்காய்த் துருவல் என் பாவாடை முழுக்கக் கொட்டியது.

டெஸ் முன்னால் போய் நின்றான். கூட்டம் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டது, நெடுநேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இந்தப் படத்துல அந்தக் குரல் வராது" என்றான். "அது கிரகம் இல்ல. நான் சொன்னது தப்பு. அது கிளைவ் ஹெபர்ட், இந்த ஊர்ப் பையன், நம்ம நோலீனோட அண்ணன். தங்கச்சி பயந்துட்டாளேன்னு சொன்னான். முன்பல்லுல சந்து இருந்துச்சு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். கூட்டத்துக்கு அதுவே பாதி அதிர்ச்சி. மெல்பர்ன்காரர் ஒருவர், முழங்கைக்குக் கீழே குத்தியிருந்த வரியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பின்னால் ஒருத்தன், "அப்போ அந்த அஞ்சு சீசன்?" என்றான். "வாயை மூடுடா" என்று பல பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எல்லோரும் கோடி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். நோலீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

படம் ஓடியது. இத்தனை காலமும் காதால் மட்டும் தெரிந்த உலகம், சாம்பல் நிறத்தில், லேசாக நடுங்கிக்கொண்டு, கண்முன்னே வந்தது. பாறைகள் அட்டையில் செய்தவை என்று தெரிந்தது. வானம் ஒரு துணி, அதில் மடிப்புகூடத் தெரிந்தது. இருந்தும் கூடத்தில் ஒருவர் அசையவில்லை. நாங்கள் மனதுக்குள் வைத்திருந்த கனவும் திரையில் இருந்ததும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது எது என்று தெரியாமல் போனது. கலம் மேலே எழுந்தது. விளக்குகள் சிறுத்தன. உறுமல் தேய்ந்தது.

காரோவின் முகம் மட்டும் திரை முழுக்க இருந்தது. நாங்கள் வரைந்த எந்தப் படத்திலும் வராத முகம். ரொம்பச் சின்ன வயது. கலம் போன பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனுக்குத் தான் தனியாக இருப்பது விளங்குகிறது. உதடு நடுங்குகிறது. அந்த இடம் வந்துவிட்டது.

டேப்பின் இரைச்சல் இல்லை. காற்று இல்லை. ஒன்றுமே இல்லை. எங்கள் எல்லோர் வாயிலும் அந்த வரி வந்து நின்றது. ஆனால் அது இப்போது ஒரு வீட்டுப் பிள்ளையின் வார்த்தை, எங்களுடையது இல்லை. எவரும் வாயைத் திறக்கவில்லை. திரையில் அந்தப் பையன் தனியாக நின்றுகொண்டே இருந்தான். எனக்குப் போர்ட் அகஸ்டா ரோடு ஞாபகம் வந்தது. தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பக்கத்திலிருந்து, மெதுவாக, காதருகே சொல்கிற மாதிரி நோலீன் சொன்னாள்.

"பயப்படாத. நான் இருக்கேன்."

யாரும் கூடச் சேர்ந்து சொல்லவில்லை. டெஸ்கூடச் சொல்லவில்லை.